பேரவை மேசையில் யார் கேள்வி கேட்கிறார்கள்?

ஒரு பல்கலைக்கழகத்தில் பிரச்சினை எழுந்தால் நம் வாயில் முதலில் வருவது துணைவேந்தரின் பெயர். விடுதியில் தண்ணீர் இல்லை என்றாலும், கட்டடம் பாதியில் நிற்கிறது என்றாலும், விரிவுரையாளர் நியமனத்தில் முறைகேடு என்றாலும் அவரைத்தான் நோகிறோம், அவரிடம்தான் மனுக் கொடுக்கிறோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்குத் துணைவேந்தரின் பெயர் தெரியும். பீடாதிபதியின் பெயரும் பலருக்குத் தெரியும். அந்தப் பல்கலைக்கழகத்தின் பேரவையில் இருக்கும் ஒருவரின் பெயரையாவது சொல்லக்கூடியவர்களை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன். ஆனால் சட்டத்தின் பார்வையில் பல்கலைக்கழகத்தை ஆள்வது அந்தப் பேரவைதான்.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. பாடநெறி, பரீட்சை, பட்டம் போன்ற கல்வி விடயங்கள் மூதவைக்கு உரியவை. பணம், சொத்து, நியமனம், ஒழுக்காற்று நடவடிக்கை, ஆண்டறிக்கை, கணக்கு ஆகியவை பேரவைக்கு உரியவை. துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிப்பவர்களிலிருந்து மூவரைத் தெரிவு செய்து அனுப்புவதும் பேரவையே. அந்தப் பட்டியல் கொழும்பு 7, வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து ஜனாதிபதியிடம் போகிறது. மூவரில் ஒருவரை அவர் நியமிக்கிறார்.

இந்தப் பேரவைகள் தம் கடமையை எவ்வளவு நன்றாகச் செய்கின்றன என்ற கேள்வி இப்போது பல நாடுகளில் உரத்து எழுந்திருக்கிறது. பிரித்தானியாவில் ஒரு பல்கலைக்கழகம் சரிவின் விளிம்புக்குப் போனபோது அதன் ஆளுகை மன்றமே விசாரணைக்கு உள்ளானது. அவுஸ்திரேலியாவில் பாராளுமன்றத்தின் செனற் சபையே உயர்கல்வி நிறுவனங்களின் ஆளுகைத் தரம் பற்றி விசாரித்தது. இலங்கையில் அரச நிறுவனங்களின் கணக்குகளை ஆராயும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவின் முன் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. கவனம் கூடியிருப்பது நல்லது. அந்தக் கவனம் சரியான இடத்தில் விழுகிறதா என்பதுதான் என் கவலை.

முதலில் பேரவை எப்படி அமைகிறது என்று பார்ப்போம். துணைவேந்தர், பிரதித் துணைவேந்தர் இருந்தால் அவர், வளாகங்கள் இருந்தால் அவற்றின் முதல்வர்கள், எல்லாப் பீடங்களின் பீடாதிபதிகள், மூதவை தன் உறுப்பினர்களிலிருந்து தெரிந்தனுப்பும் இருவர். இவர்கள் உள்ளக உறுப்பினர்கள். இவர்களின் எண்ணிக்கையை விட ஒருவர் கூடுதலாக வெளிவாரி உறுப்பினர்களை மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கிறது. கல்வி, தொழில்வாண்மை, வர்த்தகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிர்வாகம் ஆகிய துறைகளில் சிறந்த சேவை ஆற்றியவர்களாக அவர்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள்.

பத்துப் பீடங்கள் கொண்ட, வளாகமோ பிரதித் துணைவேந்தரோ இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துணைவேந்தர் ஒருவர், பீடாதிபதிகள் பத்துப் பேர், மூதவைப் பிரதிநிதிகள் இருவர், மொத்தம் 13. வெளிவாரி உறுப்பினர்கள் 14. ஆக 27 பேர். நாளை ஒரு புதிய பீடம் திறந்தால் ஒரு பீடாதிபதி வருவார், அவருக்கு ஈடாக வெளியிலிருந்து ஒருவர் வருவார், மேசையைச் சுற்றி 29 பேர். பீடங்கள் பெருகப் பெருகப் பேரவையும் தானாகவே பெருகுகிறது. நல்ல ஆளுகைக்கு எத்தனை பேர் தேவை என்று யாரும் யோசித்து வந்த எண்ணிக்கை இது அன்று. பிரித்தானியாவில் 1997 இல் வெளிவந்த டியரிங் குழுவின் அறிக்கை, ஓர் ஆளுகைச் சபை 25 பேருக்கு மேற்படக் கூடாது என்று பரிந்துரைத்தது. முப்பது பேர் கூடும் கூட்டத்தில் எல்லோரும் பேசினால் கூட்டம் முடியாது. யாரோ சிலர்தான் பேசுவார்கள். மற்றவர்கள் தலையசைப்பார்கள்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒருவர் பெரும்பான்மை என்பது சிந்தித்துச் செய்த ஏற்பாடு. உள்ளே இருப்பவர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாது, மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனத்துக்கு மக்கள் பக்கத்திலிருந்து கேள்வி கேட்க ஆட்கள் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. அந்தக் கருத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அதைச் செயலில் தளர்த்துவது இரண்டு விடயங்கள்.

ஒன்று, பேரவைக்குத் தலைமை தாங்குபவர் துணைவேந்தர். மூதவைக்கும் அவரே தலைவர். நிர்வாகத்தை நடத்துபவரும் அவர், அந்த நிர்வாகத்தை மேற்பார்வை செய்யும் சபையை நடத்துபவரும் அவர். நிகழ்ச்சி நிரலில் எது மேலே வரும், எது கடைசியில் நேரம் போதாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும் என்பதெல்லாம் தலைவரின் கையில் இருக்கிறது. நேர்மையான துணைவேந்தருக்கும் இது சங்கடமான நிலைதான். தன் மீதான கேள்வியைத் தானே அனுமதிக்க வேண்டியிருக்கிறது. பிரித்தானியாவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் சபையின் தலைவர் வெளியாள் ஒருவர். அவுஸ்திரேலியாவில் வேந்தர் தலைமை வகிக்கிறார், துணைவேந்தர் அவருக்குப் பதில் சொல்கிறார். நம் நாட்டில் வேந்தர் பட்டமளிப்பு விழாவில் மேடையேறுபவர். ஆளுகையில் அவருக்கு இடமில்லை.

இரண்டு, பீடாதிபதிகளின் நிலை. அவர்கள் தம் பீடத்தின் தேவைகளோடு மேசைக்கு வருகிறார்கள். ஆளணி வேண்டும், ஆய்வுகூடத்துக்கு உபகரணம் வேண்டும், கட்டடம் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் துணைவேந்தரின் நல்லெண்ணம் தேவை. அவரையே எதிர்த்துக் கேள்வி எழுப்பு என்று ஒரு பீடாதிபதியிடம் எதிர்பார்ப்பது அவர் மீது பெருஞ்சுமை ஏற்றுவது. ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பு வெளிவாரி உறுப்பினர்களின் தோளில்தான் போய் நிற்கிறது.

அவர்களை நியமிப்பது மானியங்கள் ஆணைக்குழு. ஆணைக்குழுவின் ஏழு உறுப்பினர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆட்சி மாறும்போது ஆணைக்குழு மாறுவதும், அதைத் தொடர்ந்து பேரவைகளின் முகங்கள் மாறுவதும் நாம் பல தடவை கண்டது. வடக்கிலும் கிழக்கிலும் இதற்கு இன்னொரு படி உண்டு. அந்தந்தக் காலத்தில் கொழும்பில் செல்வாக்குள்ள தமிழ், முஸ்லிம் அரசியல்வாதிகளின் பரிந்துரைப் பட்டியல்கள் பற்றிய பேச்சு ஒவ்வொரு நியமனக் காலத்திலும் அடிபடும். பட்டியலில் வந்தவர்களில் தகுதியானவர்களும் இருந்திருக்கிறார்கள், நேர்மையாக உழைத்த ஓய்வுபெற்ற வைத்தியர்களும் பொறியியலாளர்களும் நிர்வாக சேவையாளர்களும் வங்கியாளர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களை இந்தக் கட்டுரை குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் எப்படிப் பதவிக்கு வந்தார் என்பது, யாரிடம் கேள்வி கேட்க அவருக்கு மனம் வரும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

இந்த அமைப்பு வானத்திலிருந்து விழவில்லை. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். அரசியலமைப்புச் சட்ட அறிஞர். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் பாணியில் பேரவையும் மூதவையும் அமைந்தன. அரசு பணம் தரும், உள்ளே கைவைக்காது என்பது அன்றைய எண்ணம். 1966 இன் உயர்கல்விச் சட்டம் அந்த எண்ணத்தை மாற்றி அரசின் பிடியை இறுக்கியது. 1972 இல் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டன. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது அந்த ஏற்பாட்டின் கீழ்தான். 1978 இன் சட்டம் தனித்தனிப் பல்கலைக்கழகங்களை மீட்டெடுத்தது, மேலே மானியங்கள் ஆணைக்குழுவை வைத்தது. கடந்த அரை நூற்றாண்டில் பல திருத்தங்கள் வந்தாலும் நாம் இன்றும் இருப்பது அந்தச் சட்டத்தின் கூரைக்குக் கீழ்தான். அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த பல்கலைக்கழகங்கள் இன்று ஆணைக்குழுவின் கீழ் 17.

வெளிநாட்டுப் பேச்சுக்கு வருகிறேன். ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தின் கதையை நம் பேரவை உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2024 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகம் பெரும் பற்றாக்குறையை அறிவித்தது. தொகை சுமார் 3 கோடி பவுண். அடுத்த மாதமே அதன் நிர்வாகத் தலைவர் பதவி விலகினார். 2025 மார்ச்சில் 632 பணியிடங்களைக் குறைக்கும் திட்டம் வெளிவந்தது. ஸ்கொட்லாந்து அரசு மக்கள் பணத்தைக் கொட்டித் தாங்கிப்பிடிக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டு மாணவர் வருகை குறைந்தது ஒரு காரணம். ஆனால் அது மற்றப் பல்கலைக்கழகங்களையும் தாக்கியது. டண்டி மட்டும் ஏன் இப்படி விழுந்தது?

பேராசிரியர் பமெலா கில்லிஸ் தலைமையில் நடந்த சுயாதீன விசாரணையின் அறிக்கை 2025 ஜூனில் வந்தது. நிதி முடிவுகளில் தவறு, கண்காணிப்பில் தளர்வு, வருமானம் விழும்போது விரைந்து செயற்படாமை என்று அது அடுக்கியது. நம் விடயத்துக்கு முக்கியமானது இன்னொன்று. மேல்மட்டத்தில் மாற்றுக் கருத்துச் சொல்வது வரவேற்கப்படவில்லை. சபையின் முன் வந்த நிதிப் படம் உண்மை நிலையைவிட நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. சபை அதைத் துருவிப் பார்க்கவில்லை. அறிக்கை வந்ததையடுத்து இடைக்கால நிர்வாகத் தலைவரும் சபையின் பதில் தலைவரும் விலகினார்கள்.

டண்டியில் சபையின் தலைவர் வெளியாள்தான். மாணவர் பிரதிநிதிகள் இருந்தார்கள், ஊழியர் பிரதிநிதிகள் இருந்தார்கள். பிரித்தானியாவில் பல்கலைக்கழகச் சபைத் தலைவர்களின் குழு எழுதிய ஆளுகை நெறிக்கோவை ஒன்று இருக்கிறது. குறித்த ஆண்டுகளுக்கு ஒரு தடவை சபை தன் செயற்பாட்டைத் தானே மீளாய்வு செய்ய வேண்டும், அதில் வெளியாரின் பார்வையும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நாம் இல்லையே என்று ஏங்கும் ஏற்பாடுகள் அனைத்தும் அங்கே இருந்தன. இருந்தும் மேசையில் கேள்வி எழவில்லை. எனவே சட்டத்தைத் திருத்திவிட்டால், தலைவரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோருக்கு டண்டி ஒரு கடுமையான பாடம். அமைப்பு கேள்விக்கு இடம் தரலாம். கேள்வியை மனிதர்தான் கேட்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் கோபம் வேறு திசையிலிருந்து கிளம்பியது. பல துணைவேந்தர்களின் ஆண்டுச் சம்பளம் பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. அதே காலத்தில் ஆலோசனை நிறுவனங்களுக்குப் பெருந்தொகை போனது, ஆசிரியர் வேலைகள் வெட்டப்பட்டன. சபைகளில் வணிக உலகைச் சேர்ந்தவர்கள் நிறைந்துவிட்டார்கள், கற்பித்தல் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது அங்குள்ள ஆசிரியர்களின் முறைப்பாடு. 2025 இல் செனற் குழுவின் விசாரணை, ஆளுகைக்கான நிபுணர் சபை ஒன்றின் நியமனம் என்று அது வளர்ந்தது. வெளியார் பெரும்பான்மை என்பதே மருந்து என்று எண்ணுபவர்கள் அவுஸ்திரேலியாவை ஒரு முறை பார்க்க வேண்டும். எந்த வெளியார் என்பதும் கேள்விதான்.

தமிழ்நாட்டில் சண்டை இன்னொரு வகை. அங்கே பேரவையின் தரம் பற்றிய பேச்சே அடிபட்டுப் போனது, துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா மாநில அரசா என்ற மோதலில். அந்த மோதல் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பும் வந்தது. தலைமைப் பதவி காலியாக இருந்த காலத்தில் பல்கலைக்கழகங்கள் பட்ட பாட்டை அங்குள்ள ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும். நியமனச் சண்டை ஓயாமல் நடக்கும் இடத்தில், நியமிக்கப்பட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நம் நாட்டிலும் 2021 இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். அப்போது எழுந்த முக்கியமான எதிர்ப்புகளில் ஒன்று, ஆளுநர் சபையில் படைத்தரப்பின் ஆதிக்கம் பற்றியது. யார் அமர்கிறார்கள் என்பதில் நமக்குக் கூர்மையான உணர்வு இருக்கிறது. அமர்ந்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் நாம் கண்ணயர்ந்துவிடுகிறோம்.

நம் கண்முன் இருக்கும் ஆவணங்களைப் பார்ப்போம். பல்கலைக்கழகங்களின் கணக்குகளை ஆண்டுதோறும் ஆராய்பவர் கணக்காய்வாளர் தலைமை அதிபதி. 2018 இன் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அவருடைய கையை வலுப்படுத்தியிருக்கிறது. அவருடைய அறிக்கை பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையோடு பாராளுமன்றத்துக்குப் போகிறது, மூன்று மொழிகளிலும் கிடைக்கிறது. தமிழில் வாசிக்கலாம். ‘முனைப்பழிவான அபிப்பிராயம்’ என்ற சொல்லைக் கண்டால் பயந்துவிட வேண்டாம். கணக்குகளில் சில இடங்கள் திருப்தியாக இல்லை, மற்றவை ஏற்கத்தக்கவை என்பது அதன் பொருள். அதற்குக் கீழே வரும் பந்திகளில்தான் உயிர் இருக்கிறது.

அவற்றில் அடிக்கடி வரும் ஒரு விடயம் பிணைமுறி. விரிவுரையாளர் ஒருவர் மேற்படிப்புக்காகச் சம்பளத்துடன் வெளிநாடு போகிறார். திரும்பி வந்து குறித்த ஆண்டுகள் பணியாற்றுவதாக ஒப்பமிடுகிறார். திரும்பவில்லை. அறவிட வேண்டிய தொகை பல்கலைக்கழகத்தின் ஏட்டில் நிலுவையாக நிற்கிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களின் தொகை கூடியதால் இந்த நோவும் கூடியது. போனவர்களின் கஷ்டத்தை நான் அறியாதவன் அல்லேன். குடும்பத்தோடு வாழ்வதற்கு ஒரு சம்பளம் போதாமல் போன காலம் அது. ஆனால் விடுப்பை அங்கீகரிப்பது பல்கலைக்கழகம், பணத்தை அறவிடும் பொறுப்பும் பல்கலைக்கழகத்தினுடையது, அதன் ஆளுகை அதிகாரம் பேரவையிடம். சென்ற ஆண்டு அறிக்கையில் இருந்த பந்தி இந்த ஆண்டும் ஏன் இருக்கிறது என்று ஓர் உறுப்பினர் கேட்டாரா? கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்தது? அந்தப் பதில் கூட்ட அறிக்கையில் பதிவானதா? ஒரு பேரவை நன்றாகச் செயற்படுகிறதா என்று அளக்க எனக்குத் தெரிந்த மிக எளிய அளவுகோல் இதுதான். பாதியில் நின்ற கட்டடம், பயன்படுத்தாமல் பெட்டிக்குள் கிடக்கும் உபகரணம், நிரப்பாத பதவி வெற்றிடம் என்று வேறு எந்தப் பந்தியை எடுத்தாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

கோப் குழு அழைக்கும்போது என்ன நடக்கிறது? துணைவேந்தர், பதிவாளர், நிதியாளர், அமைச்சின் செயலாளர், மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவர் ஆகியோர் நாற்காலிகளில் அமர்ந்து பதில் சொல்கிறார்கள். தொலைக்காட்சியில் அடுத்த நாள் கடுமையான கேள்விகள் ஒளிபரப்பாகின்றன. பேரவையின் பெரும்பான்மையான வெளிவாரி உறுப்பினர்கள் பொதுவாக அங்கே இருப்பதில்லை. கணக்காய்வுக் குழுவில் இருந்த உறுப்பினரை அழைத்து, ‘ஐயா, இந்த விடயம் உங்கள் முன் எத்தனை தடவை வந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்கும் வழக்கம் வந்தால், அடுத்த பேரவைக் கூட்டத்தில் கோப்பைப் படித்துவிட்டு வருபவர்களின் தொகை கூடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் தர உறுதிப்பாட்டுச் சபையும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களை நிறுவன மட்டத்தில் மீளாய்வு செய்ய 2015 இல் ஒரு கைநூல் வந்தது. பத்து அளவுகோல்களில் முதலாவது ஆளுகையும் முகாமைத்துவமும். நல்ல தொடக்கம். ஆனால் அந்த மீளாய்வின் நோக்கு முழு நிறுவனம். திட்டம் இருக்கிறதா, கைநூல் இருக்கிறதா, குழுக்கள் கூடுகின்றனவா என்று பார்ப்பது ஒரு வேலை. ஒரு பேரவை தன்னைத்தானே நேர்மையாகப் பார்த்துக்கொள்வது வேறு வேலை. புதிதாக வரும் உறுப்பினருக்குச் சட்டத்தையும் வரவு செலவுக் கணக்கையும் வாசிக்கப் பழக்குகிறோமா? தடித்த கோப்பு கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்தான் கைக்கு வருகிறதா? நலன் முரண்பாடு உள்ளவர் எழுந்து வெளியே போகிறாரா? இவற்றைக் கேட்க வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை.

தமிழ் வாசகர்களாகிய நமக்கு இதில் தனியான பங்கு இருக்கிறது. யாழ்ப்பாணம், வந்தாறுமூலை (கிழக்கு), ஒலுவில் (தென்கிழக்கு), பம்பைமடு (வவுனியா) ஆகிய நான்கு இடங்களின் பல்கலைக்கழகப் பேரவைகளும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் அமரும் பேரவைகள். போர்க்காலத்தில் அவற்றின் ஆளுகை என்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலையாக இருந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் பதவி விலகும்படி அச்சுறுத்தப்பட்டு, கொழும்பில் தங்கியிருந்த நிலையில், 2006 டிசம்பர் 15 அன்று இந்த நகரத்தின் நடுவில் ஒரு மாநாட்டுக்கு வந்த இடத்தில் காணாமல் போனார். இன்றுவரை வீடு திரும்பவில்லை. கொழும்பு 7 இன் அந்தத் தெருக்களால் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் பேரவைகள் துணிந்து கேள்வி கேட்கவில்லை என்று குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அந்தக் காலத்தில் படிந்த மௌனம் இன்னும் மேசைகளில் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்க மட்டும் உரிமை உண்டு.

போருக்குப் பின்பும் பேரவை நம் கண்ணில் படாத தருணங்கள் உண்டு. 2019 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரை ஜனாதிபதி பதவி நீக்கினார். தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். 2021 ஜனவரி 8 இரவு அதே பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்று நாட்களில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. இடிக்கச் சொன்னது யார் என்ற கேள்வி துணைவேந்தரைச் சுற்றியும் கொழும்பைச் சுற்றியும் சுழன்றது. பல்கலைக்கழகத்தின் சொத்துக்கும் காணிக்கும் பொறுப்பான பேரவை என்ன சொன்னது என்று அந்த நாட்களில் கேட்டவர்கள் மிகக் குறைவு. நானும் அப்போது கேட்கவில்லை.

பம்பைமடு இதில் நம்பிக்கை தரும் இடம். யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்த வவுனியா 2021 ஆகஸ்ட் 1 அன்று தனிப் பல்கலைக்கழகமானது. அதுவரை வளாக முதல்வர் யாழ்ப்பாணப் பேரவைக்குப் பதில் சொன்னார். இப்போது அதற்கென ஒரு பேரவை, அதற்கென ஒரு மேசை. பழக்கங்கள் இப்போதுதான் உருவாகின்றன. எதை விவாதிப்பது, எதை வாசித்துவிட்டுப் போவது, எந்தக் கேள்வியைச் சங்கடம் என்று எண்ணாமல் வரவேற்பது என்பவையெல்லாம் இந்த ஆரம்ப ஆண்டுகளில் பதியும். பழைய பல்கலைக்கழகங்களில் அரை நூற்றாண்டுப் பழக்கத்தை மாற்றுவதை விட இது எளிது.

மேசையில் இல்லாதவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சட்டத்தில் பேரவையில் மாணவர் பிரதிநிதி இல்லை, கல்விசாரா ஊழியரின் பிரதிநிதியும் இல்லை. 2024 இல் கல்விசாரா ஊழியர்கள் மே மாதத் தொடக்கத்திலிருந்து இரண்டு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல்கலைக்கழகங்கள் ஸ்தம்பித்தன. அவர்களின் சம்பளக் கோரிக்கை திறைசேரியோடு சம்பந்தப்பட்டது என்பது உண்மை. ஆனாலும் தினமும் அலுவலகத்தையும் விடுதியையும் நடத்துபவர்களின் குரல் பேரவைக்கு எட்டும் வழி மனுவும் மறியலும் மட்டுமாக இருப்பது சரியில்லை. 1997 இல் பேராதனையில் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையால் உயிரிழந்தான். 1998 இல் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அதன் பின்னும் முதலாம் ஆண்டு மாணவர்கள் துன்புறுகிறார்கள். விடுதியில் இரவு என்ன நடக்கிறது என்பதைப் பேரவையில் சொல்லக்கூடிய ஒரு மாணவர், பிரித்தானியாவில் வழக்கமாக இருப்பதுபோல, அங்கே அமர்ந்தால் அந்த விடயம் வருடாந்த அறிக்கையின் ஒரு வரியாகச் சுருங்காது. மாணவர் சங்கங்கள் அரசியல் கட்சிகளின் பிடியில் இருக்கின்றன என்ற அச்சம் நியாயமானதுதான். வெளிவாரி உறுப்பினர்கள் மீதும் அதே அச்சம் இருக்கிறது, ஆயினும் அவர்கள் அமர்கிறார்கள்.

மொழியும் ஒரு தடை. பேரவைப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடமாடுகின்றன. கூட்ட அறிக்கைகளை இணையத்தளத்தில் இடும் வழக்கம் வேரூன்றவில்லை. இருந்தும் கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொன்றிலும் தகவல் அதிகாரி இருக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததும் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, கொழும்பில் ஆணைக்குழு உண்டு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தனிநபரின் அந்தரங்க விவரங்களை நீக்கிவிட்டுத் தருவதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆகவே பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்களுக்கும், அங்கே படித்து வந்தவர்களுக்கும் நான் கேட்பது ஒரு சிறு வேலை. உங்கள் பல்கலைக்கழகத்தின் கடைசிக் கணக்காய்வு அறிக்கையை எடுத்து, இரண்டு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு பந்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பந்தி பேரவையில் எந்தத் திகதியில் பேசப்பட்டது, என்ன முடிவு எடுக்கப்பட்டது, அன்று சமூகமளித்த வெளிவாரி உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தகவல் அதிகாரிக்கு அனுப்புங்கள்.